பதில் சொல்லும் கடன்

ஒரு சட்டமன்ற உறுப்பினர் எழுந்து, தன் தொகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் மருத்துவர் ஏன் இருப்பதில்லை என்று கேட்கிறார். துறை அமைச்சர் எழுந்து பதில் சொல்கிறார். பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்த உரையாடலுக்குள் அறவியலின் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. ஆள்பவர் ஏன் பதில் சொல்ல வேண்டும்? ஆள்பவர் நன்மை செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நேர்மையான காவல் நிலையம் ஆகியவற்றைத் தந்துவிட்டால் போதாதா, அதற்கு மேல் விளக்கமும் தரக் கடன்பட்டவர்களா என்பதுதான் கேள்வி. கடன்பட்டவர்கள் என்றே நான் கருதுகிறேன். காரணம் சொல்வது, செய்த நன்மையோடு சேர்த்துக் காட்டும் மரியாதை அல்ல. ஆளும் உரிமையே அதிலிருந்துதான் வருகிறது. எல்லா வசதியும் செய்து தரும் அரசுகூட, ஏன் இப்படிச் செய்தாய் என்ற கேள்விக்கு வாய் திறக்க மறுத்தால், தன் குடிகளுக்கு அநீதி இழைக்கிறது.

நம் மரபு இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாக விடை தந்திருக்கிறது. ஒன்று எல்லோரும் அறிந்த மனுநீதிச் சோழன் கதை. கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலில் கட்டியிருந்த மணியை அசைத்தது, அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். கதையின் அறத் தீவிரம் பெரிது. ஆனால் அந்த நீதி எதன்மேல் நின்றது என்று பார்த்தால், அரசனின் உள்ளத்தின்மேல் மட்டுமே நின்றது. மணியைக் கட்டியவன் அவன். கழற்ற நினைத்திருந்தால் தடுக்க யாரும் இல்லை. காதுக்குக் கசக்கும் சொல்லைப் பொறுக்கும் வேந்தனை இறைமாட்சி அதிகாரத்தில் திருக்குறள் உயர்த்திப் பேசுகிறது. அங்கும் அது வேந்தனின் பண்பு. சொல்பவனின் உரிமை அல்ல. இரண்டாவது விடை உத்தரமேரூர்க் கல்வெட்டில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட அந்த விதிகளின்படி, ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும், உறுப்பினர்களைச் சீட்டெடுத்துத் தேர்ந்தெடுக்கும் குடத்தில் இடப்படக் கூடாது. அந்தச் சபை நிலமுடைய பிராமணர்களின் சபை. பெண்களுக்கும் ஊரின் பெரும்பாலான உழைப்பாளிகளுக்கும் அதில் இடமில்லை. அதை மக்களாட்சி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்த ஒரு விதிக்குள் இருக்கும் எண்ணம் மணியின் எண்ணத்திலிருந்து முற்றிலும் வேறு. பதவியில் இருந்தவர் நல்லவரா கெட்டவரா என்று அது விசாரிக்கவில்லை. கணக்குக் காட்டாதவருக்குப் பதவிக்கான தகுதியே இல்லை என்கிறது. பழைய ஏதென்ஸிலும் பதவிக்காலம் முடிந்த ஒவ்வொருவரும் கணக்கு ஒப்படைக்க வேண்டும், எந்தக் குடிமகனும் அவர்மேல் குறை சொல்லலாம் என்ற ஏற்பாடு இருந்தது.

கேள்வி கேட்கும் உரிமை இந்தியாவுக்கு வந்த வரலாறும் இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. 1861ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில் சட்டம் சட்டசபையில் இந்திய உறுப்பினர்களுக்கு இடம் தந்தது, கேள்வி கேட்கும் உரிமையைத் தரவில்லை. அது 1892இல்தான் வந்தது, அதுவும் துணைக்கேள்வி இல்லாமல். 1909இல் முதல் கேள்வியைக் கேட்டவர் மட்டும் துணைக்கேள்வி கேட்கலாம் என்றானது. 1919இன் சட்டத்துக்குப் பிறகே எந்த உறுப்பினரும் கேட்கலாம் என்ற நிலை வந்தது. அரசைக் கவிழ்க்கும் அதிகாரம் எதுவும் கேட்டவர்கள் கையில் இல்லாத காலம் அது. அப்படியிருந்தும் அந்நிய அரசு இந்த உரிமையைச் சொட்டுச் சொட்டாகவே விட்டது. ஒருவனைக் கேட்க அனுமதித்த கணமே, அவனுக்குக் காரணம் சொல்லக் கடன்பட்டதாக ஒப்புக்கொண்டாகிவிடும் என்பது அதற்குத் தெரியும். ஆட்சிமன்றத்தின் உண்மையான வேலை ஆள்வது அல்ல, ஆள்பவர்களைக் கண்காணித்து அவர்கள் செயல்களுக்கு விளக்கம் கொடுக்க வைப்பதே என்று ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிய நூல் வெளிவந்ததும் அதே 1861இல்தான். கிழக்கிந்தியக் கம்பெனியில் நெடுங்காலம் வேலை பார்த்த மில், அந்த உரிமை இந்தியர்களுக்கு இன்னும் பொருந்தாது என்றும் கருதினார். நல்ல கொள்கையைக் கண்டுபிடிப்பவர்கள் அதன் எல்லையைத் தாங்களே குறுக்கிக்கொள்ளும் சோகம் இது.

கடன் எங்கிருந்து பிறக்கிறது? தேர்தல் பயத்திலிருந்து அல்ல. அப்படியானால் தோற்கப் பயப்படாத அரசுக்குக் கடனே இருக்காது. வற்புறுத்தும் அதிகாரத்திலிருந்துதான் பிறக்கிறது. என்னைக் கேட்காமலே என்னிடம் வரி வாங்க, என் பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்று தீர்மானிக்க, என்னைப் பிடித்து அடைத்துவைக்க அரசு ஒன்றுக்குத்தான் சட்டப்படி முடியும். காரணம் சொல்லாமல் ஒருவரை வற்புறுத்துவது அவரை அறிவுள்ள உயிராக நடத்துவது ஆகாது. வெளிப்படையாகச் சொன்னாலே தோற்றுப்போகும் கொள்கை அநீதியான கொள்கை என்று இம்மானுவேல் காண்ட் 1795இல் வாதிட்டதன் அடிப்படையும் இதுதான்.

மாநிலச் சட்டமன்றம் பெரிய கொள்கைகளைப் பேசுவதற்கான இடம், ஒரு ஊரின் மருந்தகத்தையும் ஒரு பள்ளியின் காலியிடத்தையும் அங்கே பேசுவது நேர விரயம் என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. அதற்குத்தானே உள்ளாட்சி இருக்கிறது என்பார்கள். முதலில் நடைமுறையைப் பார்க்கலாம். அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையில் தொடக்கக் கல்வி இருக்கிறது, சுகாதாரம் இருக்கிறது, காவல் இல்லை. காவல் நிலையத்தைப் பற்றிக் கேட்க, மக்கள் தேர்ந்தெடுத்தவர்களில் சட்டமன்ற உறுப்பினரை விட்டால் வேறு ஆள் இல்லை. தமிழ்நாட்டில் 2016இல் நடந்திருக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் தொடங்கியது, நகர்ப்புறத் தேர்தலோ 2022 பிப்ரவரியில். அந்த ஆண்டுகளில் தெருவிளக்குக்குக்கூட உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை. ஆனால் என் பதில் நடைமுறையோடு நிற்பதல்ல. மாநிலம் முழுவதும் மருத்துவ வசதி மேம்பட்டிருக்கிறது என்ற கூற்றை அவையில் யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது. இந்த ஊரின் நிலையத்தில் இந்த மாதம் மருத்துவர் இருந்தாரா என்பதை யாரும் சோதிக்கலாம். மனிதர்கள் ஒரு ஊரில்தான் நோயில் விழுகிறார்கள், ஒரு பள்ளியில்தான் படிப்பை விடுகிறார்கள், ஒரு காவல் நிலையத்தில்தான் அடிபடுகிறார்கள். சின்ன ஊரைப் பற்றிய கேள்விதான் பெரிய கொள்கையைத் தரையில் நிறுத்திப் பார்க்கிறது. 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டத்தை அவையின் ஒப்புதல் பெறாமலே தொடங்கியது. பள்ளி நேரம் என்பது நிர்வாக விவரம் அல்லவா! அந்த விவரத்துக்குள் சாதி இருந்ததை அவையிலும் வெளியிலும் எழுந்த கேள்விகள்தான் வெளியே இழுத்தன. ஆளும் கட்சிக்குள்ளிருந்தே எதிர்ப்பு வந்தது. திட்டம் குழுவின் ஆய்வுக்குப் போய், 1954இல் காமராஜர் வந்ததும் கைவிடப்பட்டது.

காவல் துறை விஷயத்தில் மறுப்பு இன்னும் கூர்மையாக வரும். விசாரணை நடக்கும்போது அவையில் கேட்பது விசாரணையைக் கெடுக்கும், அமைச்சரும் கீழே இருந்து வரும் அறிக்கையைத்தானே படிப்பார், அந்தப் பதிலால் என்ன பயன் என்பார்கள். 2022 ஏப்ரலில் சென்னையில் ஒரு இளைஞர் காவலில் இறந்தார். எதிர்க்கட்சித் தலைவர் அதை அவையில் எழுப்பியபோது, காவல் துறையைத் தன் பொறுப்பில் வைத்திருந்த முதலமைச்சர், அந்த இளைஞருக்கு வலிப்பு வந்ததாகத் துறை தந்த விவரத்தைச் சொன்னார். பிரேதப் பரிசோதனை அறிக்கை உடலில் காயங்களைக் காட்டியது. மே மாதத்தில் அதே அவையில் அதே முதலமைச்சர் எழுந்து, வழக்கு கொலை வழக்காக மாற்றப்பட்டதைத் தெரிவித்தார். முதல் பதில் தவறாக இருந்ததைக் காட்டி, கேள்வியால் பயன் இல்லை என்று சிலர் சொல்லலாம். நான் நேர்மாறாகவே பார்க்கிறேன். வலிப்பு என்ற சொல் காவல் நிலையத்தின் தாளில் மட்டும் இருந்திருந்தால், அது யாருடைய சொல்லும் ஆகியிருக்காது. அவைக்குறிப்பில் ஏறியதால் அது அரசின் சொல் ஆனது. மருத்துவ அறிக்கையோடு அது மோதியபோது, பதில் சொன்னவரே திரும்ப வந்து வேறு பதில் சொல்ல வேண்டியிருந்தது. விசாரணையின் சாட்சிகளை வெளியிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உங்கள் பாதுகாப்பில் இருந்தவர் எப்படி இறந்தார் என்பது மட்டுமே கேள்வி, அதற்கு ரகசியம் என்று ஒரு விடை இருக்க முடியாது.

சுகாதாரத்தில் வேறொரு வகைப் பதிலைப் பார்க்கிறோம். கொரோனாவின் இரண்டாம் அலைக்குப் பிறகு, 2021 ஜூலையில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்தவர்களைப் பற்றி மாநிலங்களவையில் கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட மரணம் எதையும் மாநிலங்கள் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்று ஒன்றிய அரசு சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு, ஊரடங்கில் சொந்த ஊருக்கு நடந்த தொழிலாளர்களின் இறப்பு பற்றிய கேள்விக்கும் தரவு இல்லை என்பதே பதில். சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் யாரும் கேட்காமல் விட்டிருந்தால், எண்ணப்படவே இல்லை என்பதுகூட வெளியே வந்திருக்காது. இறந்தவரைக் கணக்கில் கூட எடுக்காத அரசு அவருக்குப் பட்ட முதல் கடனையே செலுத்தவில்லை. அதை அரசின் வாயாலேயே சொல்ல வைத்தவை அந்தக் கேள்விகள்.

கேட்பவர்களின் நோக்கம் சுத்தமானதா என்று ஐயப்படுபவர்கள் உண்டு. விளம்பரத்துக்காகவும் கட்சிக்காகவும் கேட்பவர்கள் நிறையவே இருக்கிறார்கள். காரணம் சொல்லும் கடன் கேட்பவரின் மனத்தூய்மையைப் பொறுத்தது அல்ல என்பதே என் விடை. 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் தொழிலதிபர் முந்திராவின் நிறுவனங்களுக்குப் போனதை மக்களவையில் வலுவாக எழுப்பிய பெரோஸ் காந்தி ஆளும் கட்சிக்காரர், பிரதமரின் மருமகன். நீதிபதி சாக்ளா நடத்திய விசாரணைக்குப் பிறகு, 1958இல் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பெரோஸின் உள்நோக்கம் என்னவென்று இன்று யார் கேட்கிறார்கள்? என்னை உண்மையாகவே வருத்துவது வேறு. நம் சட்டமன்றத்தில் வினா என்ற பெயரில் எழுவதில் பெரும்பகுதி மனுவாக இருக்கிறது. தரம் உயர்த்த அரசு முன்வருமா, கூடுதல் கட்டடம் கட்ட அரசு ஆவன செய்யுமா என்று கேட்டு, கேட்பதற்கு முன்னும் பின்னும் நன்றியும் புகழும் சேர்த்து உட்காருகிறார்கள். நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்று பதில் வருகிறது. கிடைத்தால் தயவு, கிடைக்காவிட்டால் தலைவிதி. எத்தனை மாதமாக அந்த மருத்துவர் பணியிடம் காலியாக உள்ளது, எந்த விதிப்படி வேறொரு ஊருக்கு முன்னுரிமை தரப்பட்டது, அந்த முடிவை எடுத்தது யார் என்று கேட்டால் அமைச்சருக்குத் தயவு காட்ட வழியில்லை. விதியைத்தான் காட்ட வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்துவிட்டதே, இனி உறுப்பினர் எதற்கு என்றும் கேட்கலாம். அந்தச் சட்டம் பெரிய கொடை. ஆனால் கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் அதிகாரி தர வேண்டும். ஆவணத்தில் இல்லாத காரணத்தை அவர் உருவாக்கித் தர வேண்டியதில்லை. தந்த தாளைப் பார்த்துவிட்டு எதிரே நின்று அடுத்த கேள்வியைக் கேட்கவும் முடியாது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தை இயற்றியபோதே அதில் எழுதியிருந்தார்கள். சாதாரணக் குடிமகனின் உரிமைக்கு உறுப்பினரின் உரிமையையே அளவாக வைத்தார்கள். 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தின் கேள்வி நேரம் ரத்தானபோது, எழுத்தில் பதில் கிடைக்கிறதே, என்ன இழப்பு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். தொழிலாளர் இறப்புக்குத் தரவு இல்லை என்ற அந்தப் பதில் வந்தது அந்தக் கூட்டத்தொடரில்தான். எழுத்தில் வந்த பதில் அது. ஏன் எண்ணவில்லை, எண்ண வேண்டாம் என்று முடிவெடுத்தது யார் என்று அமைச்சரைப் பார்த்து உடனே கேட்க அந்த அவையில் ஒரு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.