பழமையைப் புதுப்பித்தல்: மலையகத்துப் பழைய லாண்ட் றோவரை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

காலத்தால் சிதைந்த ஒரு பொருளை மீண்டும் இயங்கச் செய்தல் பொதுவாக நற்செயலாகவே கருதப்படுகிறது. இடிந்த கோயிலைப் புதுக்குவோரும், செல்லரித்த ஏட்டைப் படியெடுப்போரும், கறள் பிடித்த இயந்திரத்தை ஓடவைப்போரும் அழிவிலிருந்து ஏதோ ஒன்றைக் காக்கின்றனர் என நாம் கொள்கிறோம். ஆயின், காக்கப்படுவது யாது? புதுப்பிக்கப்பட்ட பொருள் பழைய பொருள்தானா? எக்காலத்து நிலைக்கு அதனை மீட்டல் வேண்டும்? அக்காலத்தைத் தெரிவுசெய்யும் உரிமை யாருக்கு உண்டு? இவற்றுள் முதலிரு வினாக்களும் மெய்யியல் சார்ந்தவை; பின்னிரு வினாக்களும் அறவியல் சார்ந்தவை. முன்னவற்றுக்கு நாம் கூறும் விடை பின்னவற்றையும் நிர்ணயிக்கின்றது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இன்றும் காணப்படும் பழைய லாண்ட் றோவர் வண்டியை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம்.

இவ்வண்டியின் பிறப்பே பற்றாக்குறையின் விளைவாகும். இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர், றோவர் கம்பனியின் பொறியியலாளரான மோறிஸ் வில்க்ஸ் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவிலிருந்த தமது பண்ணையில் யுத்தத்தில் எஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதற்கு ஈடான ஒரு வண்டியை உள்நாட்டிலேயே ஆக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரடாம் மோட்டார்க் கண்காட்சியில் லாண்ட் றோவர் அறிமுகமாயிற்று. உருக்கு அரிதாயிருந்தமையால் அதன் உடல் அலுமினியக் கலப்புலோகத் தகட்டால் ஆனது. சஸி எனப்படும் அடிச்சட்டம் உருக்கினால் ஆனது. விலையுயர்ந்த அச்சுகள் தேவைப்படாதவாறு தகடுகள் பெரும்பாலும் தட்டையாகவே அமைக்கப்பட்டன. சுத்தியலும் திருகுச்சாவியும் கொண்டே பெரும்பகுதியைக் கழற்றிப் பூட்டக்கூடிய இவ்வண்டி, செங்குத்தும் சேறும் நிறைந்த தேயிலைத் தோட்டப் பாதைகளுக்குப் பொருந்தியமையில் வியப்பில்லை. பெரிய துரையின் வண்டியாக அது மலையகத்தில் அறியப்பட்டது.

அதே 1948 இலங்கை வரலாற்றில் வேறு இரு நிகழ்ச்சிகளுக்கும் உரிய ஆண்டாகும். பெப்ரவரி 4ஆம் திகதி நாடு சுதந்திரமடைந்தது. அவ்வாண்டிலேயே நிறைவேறிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. தோட்டத்துக்கு வந்த வண்டிக்குப் பதிவிலக்கம் கிடைத்தது. அவ்வண்டி ஓடிய பாதைகளை வெட்டியோரின் வழித்தோன்றல்களுக்கு நாட்டின் பதிவேட்டில் இடமில்லாது போயிற்று. இவ்விரண்டுக்கும் இடையே காரண காரியத் தொடர்பு எதுவுமில்லை. எனினும், பதிவேடுகள் எதனைக் குறித்துக்கொள்கின்றன, எதனை விட்டுவிடுகின்றன என்ற வினா நமது விடயத்துடன் நெருங்கிய தொடர்புடையதாதலின் இதனை ஈண்டு மனங்கொள்ளல் தகும்.

பழைய வண்டிகள் நம் நாட்டில் நீடித்தமைக்கு முதற்காரணம் பழமைப் பற்று அன்று, பொருளாதார நிர்ப்பந்தமே. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அண்மைக் காலத்தில், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை, 2025 பெப்ரவரியிலேயே மீள அனுமதிக்கப்பட்டது. புதியது வாங்க இயலாதவிடத்துப் பழையதைப் பேணல் பொழுதுபோக்காக அமையாது. அது பிழைப்பின் ஒரு பகுதியாகின்றது. இந்தியாவின் டார்ஜிலிங் மலைகளிலும் இந்நிலையைக் காணலாம். தேயிலைத் தோட்டத்துரைமார் விட்டுச்சென்ற லாண்ட் றோவர் வண்டிகளே மானேபஞ்சாங் என்னும் ஊரிலிருந்து சந்தக்பு சிகரத்துக்குப் பல தசாப்தங்களாகப் பயணிகளை ஏற்றிச் சென்றன. இரு மலைகளிலும் வண்டியை இறக்குமதி செய்தோர் சென்றுவிட்டனர். திருத்தியோரே அதனை வாழவைத்தனர்.

ஹட்டனுக்கு அண்மையில் வசிக்கும் எனது தாய்மாமன் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் இயந்திரம் திருத்துபவராகப் பணியாற்றியவர். 1960ஆம் ஆண்டளவில் உற்பத்தியான இரண்டாம் வரிசை லாண்ட் றோவர் ஒன்றை வாங்கி, வீட்டோடு சேர்ந்த தகரக் கொட்டிலில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அதனைத் திருத்தினார். துரையின் வண்டியாக வந்த அது, 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது தோட்டத்தோடு அரசின் கைக்கு மாறிற்று. பின்னர் நுவரெலியா மரக்கறி வியாபாரி ஒருவரிடம் மூட்டை சுமந்தது. அவர் காலத்தில் அதன் பெற்றோல் இயந்திரம் அகற்றப்பட்டு ஜப்பானிய டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டது. அலுமினியத் தகடு கறள் பிடிப்பதில்லை. ஆயினும் அது உருக்கைத் தொடுமிடத்தில் ஈரம் சேர்ந்தால் அரிக்கப்படுகிறது. மலையகத்தில் ஈரத்துக்குக் குறைவில்லை. சஸியின் பின் குறுக்குச்சட்டமும், இயந்திரத்துக்கும் இருக்கைக்கும் இடைப்பட்ட உருக்குத் தடுப்பும் இற்றிருந்தன. வண்ணப்பூச்சைச் சுரண்டியபோது நீலத்தின் கீழே சாம்பலும், சாம்பலின் கீழே பச்சையும் வெளிப்பட்டன.

அத்தடுப்பின் இடப்புறத்தில் தடித்த இரும்புத் தகடொன்று ஒட்டப்பட்டிருந்தது. அதனை ஒட்டியவர் யார் என்பதை அயலிலுள்ள முதிய சாரதி ஒருவர் பெயர் சொல்லி அறிந்திருந்தார். அவர் அத்தோட்டத்து பிட்டராக இருந்து, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் தலைமன்னார் வழியாக இந்தியாவுக்குச் சென்றுவிட்டவர். அவ்வொப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் சஸி இலக்கம் உண்டு. இயந்திர இலக்கம் உண்டு. உரிமையாளர் பெயர்கள் உண்டு. ஒட்டியவரின் பெயர் இல்லை.

பழைய வண்டிகளில் ஈடுபாடுடைய ஒருவர், அவ்வொட்டை வெட்டியெறிந்து இங்கிலாந்திலிருந்து புதுத் தடுப்பை வரவழைக்கும்படியும், டீசல் இயந்திரத்தை நீக்கி அசல் வகை இயந்திரத்தைப் பூட்டும்படியும், துரை காலத்துப் பச்சை நிறத்தையே அடிக்கும்படியும் ஆலோசனை கூறினார். அவ்வாறு செய்யின் வண்டியின் விலை பன்மடங்காகும் என்பது உண்மையே. மாமனின் மறுமொழி மிக எளியது: “ஒட்டு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வெட்டணும்?” இம்மறுமொழி சிக்கனம் கருதிக் கூறப்பட்டதாயினும், அதனுள் ஆராயத்தக்க ஓர் அறக்கருத்து அடங்கியுள்ளது.

முதலில் மெய்யியல் வினாவை நோக்குவோம். தீசியசின் கப்பலை ஏதென்சு மக்கள் நெடுங்காலம் பேணினர் என்றும், உக்கிய பலகைகளை நீக்கிப் புதியன பொருத்தினர் என்றும், அது அதே கப்பலா அன்றா என மெய்யியலாளர் வாதிட்டனர் என்றும் புளூட்டாக் கூறுவார். பதினேழாம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் இவ்வினாவை மேலும் கூர்மையாக்கினார்: நீக்கிய பலகைகளை எல்லாம் ஒருவன் சேர்த்து மற்றொரு கப்பல் கட்டினால், இரண்டனுள் எது தீசியசின் கப்பல்? பொருளின் தன்மை அதன் சடப்பொருளில் உள்ளதெனின் இரண்டாவது. வடிவத்திலும் தொடர்ச்சியிலும் உள்ளதெனின் முதலாவது. மிலிந்தபஞ்ஹ என்னும் பாளி நூலில் நாகசேனர் மன்னனை நோக்கி, தேரின் அச்சுத் தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என வினவுகிறார். இவற்றுள் எதுவும் தேர் அன்று. இவற்றுக்கு அப்பாலும் தேர் இல்லை. உறுப்புகளின் சேர்க்கையைப் பற்றி எழும் வழக்குப் பெயரே தேர் என்பது அவர் முடிபு.

நாகசேனரின் முடிபு மறுத்தற்கரியது. எனினும் அது ஒரு வினாவை எஞ்சவிடுகிறது. பெயர் வழக்கினால் நிற்பதாயின் அவ்வழக்கை நிலைநிறுத்துவது யாது? நமது கோயில் மரபு இதற்கு ஒரு விடையைக் குறிப்பாகத் தருகின்றது. திருப்பணியின்போது தெய்வசக்தி கும்பத்துக்கு மாற்றப்பட்டுப் பாலாலயத்தில் வைத்து வழிபடப்படும். கல்லும் சுதையும் புதுக்கப்பட்டபின் குடமுழுக்கு நிகழும். விமானம் புதிதானபோதும் கோயில் புதிதென்று யாரும் கூறுவதில்லை. இடையறாது நிகழ்ந்த வழிபாடே அதனை அதே கோயிலாக வைத்திருக்கின்றது. சடப்பொருள் மாறலாம், வடிவமும் ஓரளவு மாறலாம், பேணும் செயல் தொடருமாயின் பொருள் தொடர்கின்றது. நமது வண்டிக்கும் இதுவே பொருந்தும். இயந்திரம் மாறியும், தடுப்பு ஒட்டுப்பட்டும், நிறம் மாறியும் அது 1960ஆம் ஆண்டளவில் வந்த அதே வண்டியாக இருப்பதற்குக் காரணம், ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் அதனைத் தொடர்ந்து பேணியமையே.

இக்கருத்தை ஏற்பின் அறவியல் முடிபொன்று தவிர்க்கவியலாததாகின்றது. பேணுதலே பொருளின் தொடர்ச்சியாயின், பேணியவர் அதன் வரலாற்றின் வெளியே நிற்பவர் அல்லர். அவரது வேலைப்பாடு அப்பொருளின் உறுப்பேயாகும். எனவே அதனை அழித்து அசல் நிலையை மீட்டல், மீட்பு என்ற பெயரில் நிகழும் ஓர் இழப்பாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சிய கட்டடக் கலைஞர் வியலே-லெ-துக் புதுப்பித்தல் என்பது ஒரு கட்டடத்தை முழுமையான நிலைக்குக் கொணர்தல் என்றும், அம்முழுமை முன்னர் எக்காலத்திலும் இருந்திராததாகவும் இருக்கலாம் என்றும் கருதினார். இதற்கு மாறாக ஜோன் றஸ்கின் 1849இல் வெளியிட்ட ‘கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்’ என்ற நூலில் இத்தகைய புதுப்பித்தலைப் பொய் எனக் கண்டித்தார். நாள்தோறும் பேணினால் புதுப்பிக்கும் தேவையே எழாது என்பது அவர் வாதம். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஒரு நினைவுச்சின்னத்துக்கு எல்லாக் காலத்தவரும் ஆற்றிய தகுதியான பங்களிப்புகள் மதிக்கப்படல் வேண்டும் எனவும், புதிதாகச் சேர்ப்பன அசலிலிருந்து பிரித்தறியத்தக்கனவாக இருத்தல் வேண்டும் எனவும் வகுத்தது. மாளிகைகளுக்கு வகுக்கப்பட்ட இந்நெறி தகரக் கொட்டிலில் நிற்கும் வண்டிக்குப் பொருந்தாமல் இருக்க நியாயமில்லை.

எந்த ஆண்டுக்கு மீட்பது என்ற தெரிவு ஒருபோதும் நடுநிலையானது அன்று. துரை காலத்துக்கு மீட்கப்பட்ட வண்டியில் துரையின் பதினைந்து ஆண்டுகள் பளபளக்கும். அதன் பின்னர் பிட்டரும் சாரதியும் வியாபாரியும் அதனைக் காத்த அரை நூற்றாண்டு மறைந்துவிடும். மலையகத்தின் பொதுக்காட்சியிலும் இதனையே காண்கிறோம். துரைமாரின் பங்களாக்கள் பழைய பொலிவோடு உல்லாச விடுதிகளாக்கப்படுகின்றன; கந்தப்பளையின் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையும் 1990களில் விடுதியாயிற்று. அவை பேணப்படுவது தவறன்று. ஆனால், லயங்களைப் புதுப்பித்துக் காட்சிக்கு வைக்க விரும்புவோர் மிகச் சிலரே. அவற்றில் மக்கள் இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கின்றனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமைப் பிரச்சினைக்குத் தீர்வு தந்தது. ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகளும் சில இடங்களில் எழுந்துள்ளன. எனினும், மலையைப் பேணியோருக்கு அம்மலையில் உள்ள உரிமை யாது என்ற வினா இன்னும் முழுமையாக விடை பெறவில்லை.

இதற்கு எதிராக இரு நியாயங்கள் கூறப்படலாம். முதலாவது, அசல் நிலையிலுள்ள பொருள் அறிவுச் சான்றாகும் என்பது. முற்றாக மாற்றப்பட்ட வண்டியிலிருந்து 1948இன் தொழில்நுட்பத்தை நாம் கற்க இயலாது. இது ஏற்புடையதே, அரும்பொருட்சாலைகளில் அத்தகைய சில வண்டிகள் மாறாமல் வைக்கப்படல் வேண்டும். ஆனால் ஓடுகின்ற வண்டியின் அறிவு வேறு. இல்லாமையிலிருந்து ஒரு சமூகம் எவ்வாறு தொழில்நுட்பத்தை ஆக்கிற்று என்பதற்கு அவ்வொட்டே சான்று. இரண்டாவது நியாயம் மேலும் கடுமையானது: பழையதன்மீது கொள்ளும் பற்று பிறர் உயிருக்கு ஊறாகலாம். அவ்வண்டிகளின் பிரேக் அமைப்பில் எண்ணெய் ஒரே சுற்றில் ஓடுகின்றது; ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் இல்லாது போகலாம். கினிகத்தேனை இறக்கத்தில் அசல் தன்மை எவரையும் காப்பாற்றாது. மாமன் ஒட்டை வைத்துக்கொண்டார்; பிரேக்கை மாற்றி இரட்டைச் சுற்றாக்கினார். இவை முரண்பட்ட செயல்கள் அல்ல. முன்னது அவ்வண்டியைப் பேணியோருக்கு ஆற்றும் கடன். பின்னது பாதையில் நடப்போருக்கு ஆற்றும் கடன். பேணுதல் மனிதரை முன்னிட்டது என்பதே இரண்டுக்கும் அடிப்படை.

முடிவாக, லாண்ட் றோவரின் நேர்வழியில் வந்த டிபெண்டர் வண்டியின் உற்பத்தி 2016 சனவரி 29ஆம் திகதி சொலிஹல் தொழிற்சாலையில் நின்றுபோயிற்று. ஆக்கியோர் ஆக்குவதை நிறுத்திய பின்னரும் பேணுவோர் பேணிக்கொண்டிருக்கின்றனர். ஆக்கியவன் பெயரைப் பொறிப்பதற்கும் உடையவன் பெயரை எழுதுவதற்கும் நம் சமூகம் ஏடுகளை வைத்திருக்கின்றது. பேணியவன் பெயரை எழுத ஏடு இல்லை. வாய்மொழியாக எஞ்சியிருக்கும் அப்பெயர்களை முதிய சாரதிகளிடமும் தொழிற்சாலைத் தொழிலாளரிடமும் கேட்டுப் பதிவுசெய்தல், மலையகத்தைப் பயிலும் பல்கலைக்கழக மாணவர்க்குரிய பணியாகும். அம்முதியோர் உள்ளபோதே அது செய்யப்படல் வேண்டும்.