வேரின் எல்லை

தெருமரம் பொதுச்சொத்து, வீட்டு முன்றில் தனிச்சொத்து. இங்கிலாந்தில் பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்ட மரத்தை அனுமதியின்றி வெட்டுவது குற்றம். வேரை வெட்டினாலும் குற்றமே. கார் நிறுத்த முன்றிலில் தளம் போடுகிறவனோ கோடரியைத் தொடுவதேயில்லை. மண்ணை இறுக்கிக் கான்கிரீட் ஊற்றுகிறான், அவ்வளவுதான்.

மரம் உண்ணும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில், ஓரிரு அடிக்குள் படர்ந்திருப்பவை. அவற்றுக்கு நீரோடு காற்றும் வேண்டும். மண் இறுகினால் மூச்சடைப்பு. சாவு மட்டும் உடனே வராது. சில ஆண்டுகள் கழித்து உச்சிக்கிளை பட்டுப்போகும்போது, தளம் போட்டவன் வீட்டை விற்றுவிட்டுப் போயிருக்கலாம். செயலுக்கும் விளைவுக்கும் இடையே இவ்வளவு காலம் விழுந்தபின் குற்றவுணர்வு யார் வாசலைத் தட்டும்?

அந்நாட்டுத் தரநிர்ணயம் (பி.எஸ். 5837) ஒரு கணக்கு வைத்திருக்கிறது: அடிமரத்தின் விட்டத்தைப்போல் 12 மடங்கு ஆரத்தில் வேருக்கான வட்டம். 50 செ.மீ. மரத்துக்கு 6 மீட்டர். வட்டம் சுவரைத் தாண்டி முன்றிலுக்குள் வந்துவிடுகிறது. தோண்டாமல், நீரும் காற்றும் இறங்கும்படி தளம் போட வழியுண்டு. அதற்கும் முதலில் வட்டத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

'என் இடம்' என்பதற்குப் பத்திரம் நீள அகலம் சொல்கிறது. ஆழத்தில் ஏற்கனவே ஒருவர் குடியிருக்கிறார். சாட்சியில்லாத அந்த இடத்தில் கை தயங்குகிறதே, அறம் என்று நான் அறிந்தது அந்தத் தயக்கத்தைத்தான்.