எண்ணும் நம்பிக்கையும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் குடியிருப்புகளில், வீட்டுக்கதவுக்கு முன் இரும்புக் கம்பிக்கதவும், அதற்கும் முன் பூட்டிய வாயிலும் நிற்பது யாவரும் அறிந்த காட்சி. இவையும் போதா என்று கருதி, களவைத் தடுக்கும் எச்சரிக்கை மணியை, அதாவது அலாரத்தை, பலர் வீடுகளிலும் கடைகளிலும் பொருத்திக்கொள்கின்றனர். பொருத்த வரும் தொழிலாளர் மூன்று வினாக்களைக் கேட்பார். இடத்தை எவ்வெம் மண்டலங்களாகப் பிரிப்பது? மணி ஒலித்தால் யாருக்குச் செய்தி போவது? யார் யாருக்கு இரகசிய எண் தருவது? தேநீர் ஆறுவதற்குள் விடை சொல்லி முடித்துவிடுகிறோம். ஒரு கூரையின்கீழ் வாழ்வோர் ஒருவரையொருவர் எவ்வாறு மதிக்கின்றனர் என்பது அந்த விடைகளிலே அடங்கியிருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மண்டலங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. வாயிற்கதவு திறந்தால், உள்ளே வந்து எண்ணை அழுத்தச் சில நொடிகள் அவகாசம் உண்டு. சன்னலுக்கு அந்தச் சலுகை இல்லை. அசைந்தவுடன் மணி ஒலிக்கும். புகையை உணரும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் 24 மணி நேரமும் விழித்திருப்பவை. வீட்டார் உள்ளே உறங்கும் இரவில் சில மண்டலங்களை மட்டும் விழிக்கச் செய்யும் முறையும் இருக்கிறது.

முதற் சிக்கல் இந்த இரவு முறையில்தான் எழுகிறது. ஈரடுக்கு வரிசை வீடுகளில் குடும்பத்தார் மேல்மாடியில் உறங்குவர். பணிப்பெண்ணின் அறையோ பெரும்பாலும் கீழே, சமையலறையை ஒட்டியிருக்கும். களவர் கீழ்வழியே வருவர் என்பதால், கீழ்த்தளத்தில் நடமாட்டத்தை உணரும் கருவிகள் இரவு முழுதும் விழித்திருக்குமாறு அமைக்கின்றனர். இந்தோனேசியாவிலிருந்து வந்து அவ்வீட்டில் உழைக்கும் பெண் நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் தெருவே விழித்துக்கொள்ளும். ஆகவே அவர் எழுவதில்லை. அவர் அறைக்கு வெளியே பூட்டு இல்லை; ஆயினும் அவர் பூட்டப்பட்டிருக்கிறார். இது வேண்டுமென்றே செய்த கொடுமை அன்று. ‘வீட்டார்’ என்ற சொல்லைச் சொன்னபோது அவரைக் கணக்கில் சேர்க்க மறந்ததன் விளைவு. அவர் அறையையும் சமையலறையையும் தனி மண்டலமாக்கி இரவில் விலக்கிவைப்பது பெரிய வேலையன்று. பின்கதவிலும் சன்னலிலும் உள்ள கருவிகள் விழித்திருந்தால் காவலும் அதிகம் தளராது. ஆனால் வீட்டுக்காரர் கேட்டால்தானே தொழிலாளர் செய்வார்!

எண்ணின் செய்திக்கு வருவோம். தலைமை எண்ணை உடையவர் பிறருக்கு எண் கொடுக்கலாம், பறிக்கலாம், வரம்பும் விதிக்கலாம். “குடும்பத்துக்குள் எதற்கு இத்தனை எண்கள்? எல்லாருக்கும் ஒன்றே போதும், அதுவல்லவோ நம்பிக்கை!” என்பார் பலர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. வாரம் இருமுறை வந்து வீட்டைத் துடைத்துச் செல்லும் பெண்ணுக்கும் அந்த எண்ணையே சொல்லிவைக்கின்றனர். ஒருநாள் வளையல் ஒன்று காணாமற் போகிறது. மணி எப்போது நிறுத்தப்பட்டது என்பது பதிவேட்டில் இருக்கும். நிறுத்தியவர் யார் என்பது இராது. அப்போது ஐயம் எவரிடம் போய் நிற்கும்? மகனிடம் நிற்காது, மருமகனிடமும் நிற்காது. எதிர்த்துப் பேச வலிமையற்றவரிடமே நிற்கும். அவருக்கென ஓர் எண் இருந்திருந்தால், அவர் 11 மணிக்கு வந்து 1 மணிக்கு மணியைப் பூட்டிச் சென்றார் என்பதற்கும், பின்னர் வேறோர் எண் அதைத் திறந்தது என்பதற்கும் சான்று இருந்திருக்கும். தனி எண்ணை அவமதிப்பாகக் கருதுவோர் இதைச் சிந்தித்தல் வேண்டும். கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் நகைக்கடைகளில் காலையில் கதவு திறக்கும் இளைஞருக்கும் இது பொருந்தும்.

‘தெரிந்து தெளிதல்’ என்னும் 51-ஆம் அதிகாரத்தில் வள்ளுவர், ஆராயாமல் நம்புவதையும், நம்பியபின் சந்தேகப்படுவதையும் ஒருங்கே கடிகிறார். பொது எண் முதற் குற்றத்தில் தொடங்கி இரண்டாவதில் முடிகிறது.

இடையே ஒன்று. கத்திமுனையில் நிற்பவர் அழுத்துவதற்கென ‘நெருக்கடி எண்’ ஒன்று உண்டு. அதை அழுத்தினால் மணி வழக்கம்போல் அடங்கும். செய்தி மட்டும் ஓசையின்றி வெளியே போகும். இதனைக் குடும்பத்தாருக்கு மட்டுமே சொல்லிவைக்கும் வீடுகள் உள. பகலெல்லாம் அவ்வீட்டில் தனித்திருப்பவர் யார்?

இனி, செய்தி. ‘காண்டாக்ட் ஐடி’ என்னும் முறையில் கண்காணிப்பு நிலையத்துக்குப் போவன எண்களே. 130 எனில் களவு, 110 எனில் தீ, 401 எனில் ஒருவர் மணியைத் திறந்தார் அல்லது பூட்டினார். உடன் மண்டலத்தின் எண்ணோ ஆளின் எண்ணோ சேரும். ஏழாம் எண் திறந்தது என்று அது கூறும். ஏன் திறந்தது என்பதை அறியாது. அந்த ‘ஏன்’ வாசிப்பவரின் மனத்தில் பிறப்பது. பொற்கொல்லன் சொன்ன செய்தியை ஆராயாது ஏற்ற பாண்டியனால் கோவலன் மாண்டதைப் படித்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அதே சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் வேறொரு பாண்டியனைப் பற்றிக் கண்ணகியிடம் கூறுகிறது. காவல் காக்கச் சென்று கீரந்தையின் கதவைத் தட்டிய தன் கையையே அவன் குறைத்துக்கொண்டான். காப்பவனும் கணக்குக் காட்ட வேண்டியவன் என்று அவன் கருதினான்.

நம் நாட்டில் 1975-இல் ருக்குன் தெத்தாங்கா தொடங்கியபோது குடியிருப்பு ஆடவர் முறைவைத்து இரவில் சுற்றிவந்தனர். இன்று சுற்றியவர் நாளை உறங்குவார். காப்பவரும் காக்கப்படுபவரும் ஒருவரே. இன்றோ பதிவேடு வீட்டுத்தலைவரின் கைப்பேசியில் இருக்கிறது. பணிப்பெண் வந்த நேரத்தை அவர் நாள்தோறும் பார்க்கிறார். அவர் வந்த நேரமும் அதே பதிவேட்டில் உள்ளது; அதை வாசிப்பார் இல்லை. அப்பெண் தம்மைப் பற்றிய வரிகளையாவது கேட்டுப் பார்க்கும் உரிமை பெற்றிருத்தல் முறை.

ஒப்பந்தம் முடிந்து அவர் ஊர் திரும்பினால் ஏழாம் எண் அழிக்கப்படும். அடுத்து வருபவருக்கு அதே ஏழாம் இடத்தைக் கொடுப்பது வழக்கம். கருவியில் இடம் மிகுதியாக இருந்தும் எளிமைக்காக அப்படிச் செய்கின்றனர். பதிவேடோ பழைய ஏழையும் புதிய ஏழையும் பிரித்தறியாது. எவர், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை அவ்வெண்ணுக்கு உரியவராக இருந்தார் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிவைக்கத்தான் வேண்டும்.