சாரதியாசனமும் மூன்றாந்தரப்பும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறுகளை எதிர்நோக்கியிருக்கும் மாதங்களில் வசதி படைத்த இல்லங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். மகன் வாகனம் ஓட்டப் பழகவேண்டும். மகளும் பழகுதல் நன்று. இயலுமாயின் கார் ஒன்றும் வாங்கிக் கொடுக்கவேண்டும். இதனைப் பெற்றோர் பெரும்பாலும் இரு வினாக்களாகவே காண்பர். ஒன்று, அதற்கான பணம் உண்டா என்பது. மற்றையது, பிள்ளைக்கு ஆபத்து நேராதா என்பது. இரண்டும் நியாயமான வினாக்களே. ஆயின், ஒழுக்கவியல் நோக்கில் மூன்றாவது வினாவொன்று உண்டு. அவ்வீதியோரமாக நடந்து செல்லும் முன்பின் அறியாத ஒருவருக்கு இக்கொடையால் விளைவது யாது?

பெற்றோர் கொடுக்கின்றனர், பிள்ளை பெறுகிறது. இருவரும் விரும்பியே இதில் ஈடுபடுகின்றனர். பாதசாரியோ, துவிச்சக்கரவண்டியில் செல்பவரோ இதற்கு உடன்பட்டவரல்லர். எனினும், புதிய சாரதியின் தவறுக்கு உடலால் விலை செலுத்த நேர்பவர் அவராகவும் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் வீதி விபத்துக்களில் மாண்டனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும் துவிச்சக்கரவண்டி, மோட்டார்ச் சைக்கிள் ஓட்டிகளுமாவர்.

இம்மூன்றாமவரை இலங்கைச் சட்டம் மறக்கவில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளது. பதினெட்டு வயது நிரம்பாதோர் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் பெறுதலும் இயலாது. ஆயினும், காப்புறுதி ஈடு செய்வது பணத்தை மட்டுமே. இழந்த காலையோ உயிரையோ அது மீட்டுத் தராது. எனவே, காப்புறுதிப் பத்திரத்தைப் பெற்றதோடு கடமை தீர்ந்தது என எண்ணுதல் பொருந்தாது.

அவ்வாறாயின் இளைஞர்க்குக் காரைக் கொடாதிருப்பதே அறம் என்று ஒருவர் வாதிடலாம். பிறருக்குத் தீங்கு விளையுமிடத்துத் தனிமனித சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தலாம் என 1859இல் வெளிவந்த தமது நூலில் ஜோன் ஸ்ரூவட் மில் நிறுவினார். அக்கொள்கை இவ்வாதத்துக்குத் துணைநிற்பது போலத் தோன்றும். ஆனால், இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. யாழை வாசித்தே யாழில் வல்லவராகின்றனர் என்பதும், இளைஞர் கேத்திரகணிதத்தில் தேர்ச்சி பெறலாமாயினும் நடைமுறை விவேகம் அனுபவமின்றி வாய்க்காது என்பதும் அரிஸ்டோட்டில் காட்டிய உண்மைகள். தடைசெய்வதனால் அனுபவமின்மை அகலாது. அது பிற்போடப்படுமேயன்றி வேறில்லை. வயதின் முதிர்ச்சி ஓரளவு துணைசெய்யும் என்பது மெய்யே. எனினும், முப்பது வயதில் முதன்முறையாகச் சாரதியாசனத்தில் அமர்பவரும் புதியவரே. ஆகவே, வினா கொடுப்பதா கொடாதிருப்பதா என்பதன்று. எவ்வாறு கொடுப்பது என்பதேயாகும்.

இளஞ்சாரதிகளைப் பற்றி அறியப்பட்ட உண்மையொன்று இங்கு கருதத்தக்கது. மூத்தவர் ஒருவர் அருகிருந்து பழக்கும் காலத்தில் விபத்துக்கள் அரிதாகவே நிகழ்கின்றன. அனுமதிப்பத்திரம் பெற்றுத் தனியே ஓட்டத் தொடங்கும் முதற் சில மாதங்களே மிகவும் ஆபத்தானவை. இரவு வேளையும், உடன் செல்லும் ஒத்த வயது நண்பர் கூட்டமும் அவ்வாபத்தை மேலும் பெருக்குகின்றன. இதன் காரணம் வெளிப்படை. கிளச்சையும் கியரையும் கையாளும் திறன் சில வாரங்களில் வந்துவிடும். நிறுத்தப்பட்ட பஸ்ஸின் முன்புறமிருந்து ஒரு சிறுவன் ஓடி வரக்கூடும் என முன்னுணரும் மனப்பாங்கு அத்துணை விரைவில் வருவதன்று. பரீட்சகர் அளப்பது பெரும்பாலும் முன்னையதையே. வீதி வேண்டி நிற்பதோ பின்னையதை.

இதனை உணர்ந்தே நியூசிலாந்து 1987இல் படிமுறை அனுமதிப்பத்திரத்தை அறிமுகப்படுத்தியது. பயிலும் நிலைக்கும் முழு உரிமைக்கும் இடையே மட்டுப்படுத்தப்பட்ட நிலையொன்றை அது வகுத்து, அந்நிலையிலுள்ளோர் இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை தனித்து ஓட்டுவதற்கும் விரும்பியவரையெல்லாம் ஏற்றிச் செல்வதற்கும் தடைவிதித்தது. பின்னர் வேறு பல நாடுகளும் இவ்வழியைப் பின்பற்றின. சுதந்திரம் ஒரே நாளில் கையளிக்கப்படும் பொருளன்று, பயிற்சியோடு சேர்ந்து வளர்வது என்னும் கருத்தே இதன் அடிப்படை. சட்டம் வற்புறுத்தாதவிடத்தும் பெற்றோர் இம்முறையை இல்லத்திலேயே கைக்கொள்ளலாம். அனுமதிப்பத்திரம் கிடைத்த மறுநாளே திறப்பைக் கொடுத்து ஒதுங்குவது நம்பிக்கையன்று. அது பொறுப்பைக் கைவிடுதலாகும். அதேபோல, மகனுக்கு முழு உரிமையும் மகளுக்கு முழுத் தடையும் விதிப்பதற்கும் நியாயமில்லை. படிமுறைக்கு அளவுகோல் தேர்ச்சியேயன்றிப் பாலன்று.

முதற் காரைத் தெரிவுசெய்வதிலும் இதே நெறி பொருந்தும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களும் பெருவிலை பெற்றன. இந்நிலையில் தேய்ந்த ரயரும் தளர்ந்த பிறேக்கும் கொண்ட காரை, பழகுவதற்கு இது போதும் எனப் பிள்ளையிடம் ஒப்படைக்கும் வழக்கத்தைக் காணலாம். அனுபவம் மிகக் குறைந்தவருக்கே பாதுகாப்பு மிகக் குறைந்த வாகனம் வாய்க்கிறது. மறுபுறத்தில், குடும்பப் பெருமைக்காக வேகம் மிக்க காரை வாங்கிக் கொடுப்போரும் உளர். இவ்விரு திறத்தாரும் மூன்றாமவரை மறந்தோரே. கார் புதியதா பழையதா என்பதிலும் அதன் பிறேக் உரிய நேரத்தில் பிடிக்குமா என்பதே முக்கியமானது. சிறிது காலம் வீட்டுக் காரையே கேட்டுப் பெற்று ஓட்டுவதும், எரிபொருட் செலவில் ஒரு பங்கைத் தானே ஏற்பதும் இளைஞரிடம் பொறுப்புணர்ச்சியை வளர்க்கும்.

இவையனைத்திலும் மேலானது கற்பிப்பவரின் நடத்தையாகும். பிள்ளை சாரதியாசனத்தில் அமர்வதற்குப் பல்லாண்டுகள் முன்னரே பின்னாசனத்திலிருந்து கற்கத் தொடங்கிவிடுகிறது. கடவையில் காத்து நிற்கும் முதியவருக்காகத் தந்தை காரை நிறுத்தினாரா, தாய் தொலைபேசியில் பேசியவாறு ஓட்டினாரா என்பதையெல்லாம் அது கண்டிருக்கிறது. பரீட்சையை ஒழுங்காக எழுதாமல் ஆள்பிடித்தோ பணம் கொடுத்தோ அனுமதிப்பத்திரம் பெற்றுக் கொடுப்பவர், பிள்ளைக்கு உதவுவதாகவே கருதுகிறார். உண்மையில், அந்நியரின் உயிர்ப் பாதுகாப்பை விலைக்கு வாங்கலாம் என்னும் பாடத்தையே அவர் புகட்டுகிறார். பின்னர் நிகழும் எந்தப் பயிற்சியும் அப்பாடத்தை எளிதில் அழிக்காது.

பெற்றோரின் அன்பு இயல்பாகவே தன் பிள்ளையை மட்டும் நோக்குவது. அது குறையன்று. ஆயினும், ஒருவரது கையில் பிறரைக் கொல்லக்கூடிய இயந்திரத்தை ஒப்படைக்கும்போது அவ்வன்பு சற்று விரிவடைதல் வேண்டும். ‘கவனமாகப் போய் வா’ என்று விடைகொடுக்கும் பெற்றோர், அவ்வீதியில் எதிர்ப்படும் மற்றவர் பிள்ளைகளையும் அச்சொல்லில் உளப்படுத்துவாராயின், திறப்பைக் கையளிக்கும் தகுதி அவர்க்கு உண்டு எனலாம்.