கூலி வாங்காத கை

கூலி கொடுத்து ஒருவரிடம் வேலை வாங்குவது பெரிய வித்தை அல்ல. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற நம்பிக்கையே அவரை நடத்திச் செல்லும். ஆனால், தம் வீட்டுச் சோற்றை உண்டுவிட்டுப் பொதுக் காரியத்துக்கு வந்து உழைத்துப் போகிறாரே ஒருவர், அவரை எது நடத்திச் செல்கிறது? அவர் மனம் சோர்ந்து உட்கார்ந்துவிட்டால் என்ன சொல்லி எழுப்புவது? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியவர் ஒரு முதியவர்.

திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ ஊர்களில் கோவில் திருவிழாவை ஒட்டி 'அசனம்' என்ற பொது விருந்து நடப்பதுண்டு. ஊரார் அரிசியும் ஆடும் காய்கறியும் காணிக்கையாகக் கொடுப்பார்கள். சமைப்பதும் பரிமாறுவதும் சபை மக்களே. நண்பர் ஒருவர் அழைத்ததன் பேரில் அப்படி ஓர் அசனத்துக்குப் போயிருந்தேன். முதல் நாள் இரவு கோவில் வளாகம் உறங்கவே இல்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். இளைஞர்கள் தண்ணீர் சுமந்தார்கள். கோட்டை அடுப்பின் ஓரத்தில், ஒரு காலத்தில் பனையேறியவரான அந்த முதியவர் குந்தியிருந்து விறகைத் தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தார்.

"முப்பது வருசமா இந்த அடுப்பு என் பொறுப்பு, தம்பி" என்றார். 'பொறுப்பு' என்ற சொல்லை அவர் உச்சரித்தபோது அந்தக் கிழ முகத்தில் ஒரு மிடுக்கு வந்து போயிற்று.

சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் போனேன். அடுப்பருகில் வேறு ஆட்கள் நின்றார்கள். முதியவர் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"உடம்புக்கு என்ன, பெரியவரே?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல, தம்பி. கூலிக்கு ஆள் வச்சாச்சு, தாத்தா இனிமே சிரமப்பட வேண்டாம்னு ஒரு சின்னப் பையன்கிட்ட சொல்லி அனுப்பிட்டாங்க. நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க."

கடைசி வார்த்தையைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

விழாக் கமிட்டியைச் சேர்ந்த ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் கெட்டவர் அல்லர். "ஆண்டவருக்குச் செய்கிற ஊழியம் இது. மனிதர் பாராட்டை எதிர்பார்க்கலாமா? வலக்கை செய்வதை இடக்கை அறியக்கூடாது அல்லவா?" என்றார். எனக்கு உடனே பதில் தோன்றவில்லை. ஊருக்குத் திரும்பும் ரயிலில்தான் தோன்றிற்று. அந்த உபதேசம் கொடுக்கிறவனுக்குச் சொல்லப்பட்டது, வாங்கிக்கொள்கிறவனுக்குச் சொல்லப்பட்டதல்ல. கொடுத்தவன் தன் கொடையை மறக்க வேண்டும், பெற்றவன் மறக்கக்கூடாது. கொடுப்பவனின் அடக்கத்தைப் பெறுகிறவன் தன் மறதிக்குச் சாக்காக வைத்துக்கொண்டால், அதைவிடச் சௌகரியமான பக்தி வேறு இல்லை.

வள்ளுவரும் ஈகையைப் பத்துக் குறளில் சொன்னதோடு நிற்கவில்லை. செய்ந்நன்றி அறிதலுக்குத் தனியாகப் பத்துக் குறள் வைத்தார். அது 11-ஆம் அதிகாரம். ஈகை 23-ஆம் அதிகாரம். கொடுக்கக் கற்பதற்கு முன்பே நன்றியறியக் கற்க வேண்டும் போலும்!

கிறிஸ்தவ வேதத்திலேயே ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். உயர்ந்த தத்துவங்களையெல்லாம் பேசி முடித்த பவுல், அங்கே 20-க்கும் மேற்பட்டவர்களைப் பேர் சொல்லி விசாரிக்கிறார். வெறும் பேர்கள் அல்ல. பெபேயாள் பலருக்கு உதவியாக இருந்தவள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தமக்காக உயிரையே பணயம் வைத்தவர்கள். பெர்சியாள் மிகவும் உழைத்தவள். யார் என்ன செய்தார் என்பது அவர் நினைவில் இருக்கிறது. சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியு கூட நடுவே தன் வாழ்த்தை ஒரு வரி சேர்த்துக்கொள்கிறான்.

கூலி கொடுப்பது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. 1780-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஏழைப் பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியைத் தொடங்கியபோது, கற்பித்த பெண்களுக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்தார். பின்னர் கூலி வாங்காமல் கற்பிப்பவர்கள் முன்வந்தார்கள், இயக்கம் பெருகியது. கூலியால் தொடங்கலாம், அன்பு வந்து அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அன்பினால் நடந்துகொண்டிருந்த வேலையைக் கூலியாளிடம் கொடுக்கும்போது, செய்துகொண்டிருந்தவரைக் கேட்க வேண்டாமா? ஊதியம் இல்லாத உழைப்பாளிக்கு இருந்த ஒரே ஊதியம், 'நான் இங்கே வேண்டியவன்' என்ற நினைவு. அதையல்லவா பிடுங்கிவிட்டார்கள்!

அப்படியானால் சால்வை போர்த்தலாமா? மேடையேற்றிப் புகழலாமா? எனக்கு அதிலும் கூச்சம் உண்டு. அடுத்த ஆண்டும் வரவேண்டும் என்பதற்காக இந்த ஆண்டு நன்றி சொன்னால், அது நன்றி அல்ல, முன்பணம். புகழ்ச்சிக்குப் பழகிய மனம் அது குறைந்த நாளில் கணக்குப் பார்க்கவும் தொடங்கிவிடும்.

வழி என்ன என்பதை அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர் காட்டினார். அவ்வூரில் குருவானவரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வார்கள். அடுத்த ஆண்டு அசனத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அந்த ஐயரம்மா முதியவர் வீட்டுத் திண்ணைக்கே போனாராம். நண்பர் எழுதியிருந்தார்.

"தாத்தா, போன வருசம் மூணாவது அண்டாவில் சோறு அடிப்பிடிச்சுப் போச்சு. விறகை எப்ப இழுக்கணும்னு அவங்களுக்குத் தெரியல. நம்ம பிள்ளைங்க நாலு பேரை அனுப்புறேன். கூட இருந்து சொல்லிக் கொடுங்க."

பாராட்டு ஒரு வார்த்தை இல்லை. சால்வை இல்லை. போன வருசம் அவர் இல்லாததை ஒருவர் கவனித்திருக்கிறார், அவ்வளவுதான்.

அன்று இரவே முதியவர் கோவிலுக்குப் போய் அடுப்பின் கல்லையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுகூடச் சரியா வைக்கல" என்று எல்லாரையும் திட்டினாராம்.