சினை மீனும் ஜீவகாருண்யமும்

ஜவ்வாது மலையில் பெருமழை இறங்கி ஓடைகள் செந்நிறமாகப் புரண்டு வரும் நாளில், கோடை முழுவதும் பள்ளங்களில் அடங்கிக் கிடந்த கெண்டைகள் புதுநீரின் வாடையறிந்து, ஓட்டத்தை எதிர்த்து, கல்லுக்குக் கல் துள்ளி மேலேறுகின்றன. அந்த ஏற்றுமீனைப் பிடிக்கக் கூடையும் பறியுமாக இறங்குவது, ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலைக்கிராமங்களுக்கு மட்டுமன்று, தமிழ்நாட்டில் ஆறும் ஏரியும் உள்ள ஊர்களுக்கெல்லாம் பொதுவான உற்சாகம். பறியைக் கவிழ்த்து ஒரு மீனைக் கையிலெடுத்து அதன் வயிற்றை விரலால் லேசாக அழுத்தினால், ரவையைப் போன்ற முட்டைகள் மஞ்சளாகப் பிதுங்கி வரும். குழம்புச் சட்டியில் முதலில் தேடப்படுவதும் அந்தச் சினைதான்.

இந்த மீனைக் கொல்வதும், இனப்பெருக்கம் முடிந்து தை மாதத்தில் ஏரியில் அகப்படும் மீனைக் கொல்வதும் தர்மத்தின் கண்ணில் ஒன்றுதானா என்பதே என் கேள்வி. நம் சமய நூல்கள் கொலையைப் பற்றி நிரம்பப் பேசியிருக்கின்றன; திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார், வள்ளலார் ஜீவகாருண்யத்தையே மோட்ச வீட்டின் திறவுகோலாகக் கொண்டார். ஆயினும் அந்த விசாரணை பெரும்பாலும் ஓர் உயிரை, அதன் வலியை, கொல்பவனுடைய நெஞ்சை நோக்கியே செல்கிறது. புலால் உண்ணாதவருக்கு இரண்டு மீனும் ஒரே பாவம். உண்பவருக்கு இரண்டும் பாவமே அல்ல. வம்சம் என்ற ஒன்றை இருவருமே கணக்கில் வைப்பதில்லை. ஒரு கெண்டையோடு ஓடையின் அடுத்த ஆண்டும் சேர்ந்து போகிறது என்பதை எண்ணும்போது, உண்பவரையும் உண்ணாதவரையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் ஒரு தர்மம் இங்கே இருக்கத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அசோகச் சக்கரவர்த்தி தம் ஆட்சியின் 26-ஆம் ஆண்டில் பொறித்த ஐந்தாம் தூண் சாசனத்தில் அதன் சாயல் தெரிகிறது. கொல்லலாகாத பிராணிகளின் வரிசையில் சில மீன்களைச் சேர்த்த அவர், ஏனைய மீன்களையும் பௌர்ணமியை ஒட்டிய குறித்த தினங்களிலும் உபவாச தினங்களிலும் கொல்லவோ விற்கவோ கூடாதென்றார்; செம்படவரை நோக்கித் தொழிலை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அவர் குறித்த நாட்கள் பௌத்த சமயத்தின் நாட்களே தவிர மீனின் நாட்களல்ல என்று ஒரு மீன்நூல் அறிஞர் நகைக்கலாம். நகைக்கட்டும், எடுக்கக்கூடியதை எடுக்காமலிருக்கும் பழக்கம் கைவந்துவிட்டால் நாளைத் திருத்திக்கொள்வது எளிது.

நாகைக் கடற்கரையில் நுளையர் குலத்தில் பிறந்த அதிபத்தர், வலையில் விழுந்த மீன்களில் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று நாள்தோறும் கடலிலேயே விட்டார் என்றும், ஒரே மீன் அகப்பட்ட நாட்களிலும் அதையே விட்டுப் பசித்திருந்தார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. பக்தியைப் பிரயோஜனத்தால் அளப்பது அபசாரம். அந்த நாயனாரை மீன்வளத்துறைக்கு முன்னோடியாக்க நான் துணியேன். பிடித்த கையே விட்ட கையாகவும் இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

நம் காலத்தில் விடுவது என்றால் பொருள் வேறு, வளர்த்த குஞ்சை நீரில் விடுவது. ஒரிஸாவின் அங்குலில் 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சௌதுரி, மீனின் பிட்யூட்டரிச் சாற்றை ஊசிவழி செலுத்திக் கெண்டையை முட்டையிடச் செய்த பிறகு, குஞ்சுக்காக ஆற்று வெள்ளத்தை எதிர்பார்த்து நிற்கவேண்டிய நிலை மாறத் தொடங்கியது. கங்கைக் கெண்டைகளான கட்லாவும் ரோகுவும் நம் ஏரிகளுக்கு உரியவையாயின. ஜவ்வாது மலை அடங்கிய திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணை கட்லாவுக்குப் பெயர் பெற்றது. மனிதன் கட்டிய நீரில் மனிதன் விதைத்து மனிதன் அறுப்பதில் எனக்கு எந்த விகற்பமும் இல்லை, அது வேளாண்மை. ஆனால் விரலளவு மீன்குஞ்சுகளை நீரில் கொட்டிவிட்டு, அன்னதானம் செய்துவிட்ட திருப்தியோடு கரையேறும் மனம் ஓடைக்கும் ஆற்றுக்கும் வரும்போது சற்று அஞ்சவேண்டும். காவிரிக்கே உரிய, முதுகில் திமில் உயர்ந்த மாசீர் என்னும் பெருங்கெண்டையின் கதையை நோக்குக. மாசீர் குறைகிறதென்று கவலையுற்றவர்கள், 1970-களின் பிற்பகுதி தொடங்கி, மராட்டியத்து லோனாவாலாவில் பொரித்து வளர்த்த நீலத்துடுப்பு மாசீரின் குஞ்சுகளை அந்த ஆற்றில் விட்டார்கள். விட்டவை பெருகின, ஆற்றின் சொந்த மீன் அருகியது. தூண்டில்காரர்கள் ஆண்டுதோறும் குறித்துவைத்த கணக்குகளே இதற்குச் சாட்சி. வெடியும் மணற்கொள்ளையும் அணைகளும் அதற்குத் துணைக்காரணங்கள் என்றாலும், 2018-இல் அந்தத் திமில் மீன் உலகில் அற்றுப்போகும் தறுவாயிலுள்ள உயிர்களின் பட்டியலில் ஏறியபோது, நல்லெண்ணத்தோடு குஞ்சு விட்ட கைகளும் பொறுப்பிலிருந்து தப்பவில்லை.

ஜவ்வாது மலைக்கும் இது பொருந்தும். அங்குள்ள பீமன் அருவிக்கு மேலே, பாறையை வாயால் பற்றிப் பாசி மேயும் சிறுமீன்கள் அற்றுப்போனால், செய்யாற்றிலிருந்து மீன் அருவியேறி வந்து அந்த இடத்தை நிரப்பப்போவதில்லை. அங்கே வேற்றூர்க் குஞ்சைக் கொண்டுபோய் விடுவது மறுசீரமைப்பு ஆகாது. இருப்பதை முட்டையிட விடுவதுதான் ஆகும். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. மலையோடைக்கும் புதுவெள்ளத்தின் முதற்சில நாட்களைக் கேட்பது பெரிய வரமன்று.

எப்போதோ ஒருநாள் மீன் கிடைக்கும் மலையாளிப் பழங்குடிக் குடியானவனிடம் அந்த ஒருநாளையும் கேட்பது எந்த ஜீவகாருண்யம் என்று கேட்பீர்களாயின், நியாயமான கேள்விதான். நான் அவனிடத்திலிருந்து தொடங்கமாட்டேன். வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கியிருக்க, ஒரு பள்ளத்தில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, முட்டையும் குஞ்சும் மிதக்க, விலைபோகும் பத்து மீனைப் பொறுக்கிச் செல்பவனிடம் முதலில் கேட்கவேண்டும். அடுத்து, மீன்பாசி ஏலம் எடுத்து, குத்தகை முடியுமுன் ஏரியை அடியோடு அரித்துவிடுபவனிடமும், அவனுக்கு ஓராண்டுக்கு மேல் குத்தகை தராமல் அப்படி அரிக்கத் தூண்டும் ஊராரிடமும் கேட்கவேண்டும். இவர்கள் விரதம் ஏற்ற பிறகு, பறிக்காரனிடம் பேச நமக்கு வாய் உண்டு.