பொறுமையின் விலை

பொறுமை அறமாகுமா? பொறையுடைமைக்கு வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்தார். ஆனால் அங்கே பேசப்படுவது ஒறுக்க வல்லவனது பொறை என்றே நாம் கொள்கிறோம். வேறு வழியற்றவளின் பொறையையும் அப்பெயரால் அழைக்கலாமா? இவ்வினா நூலகத்தில் எமக்கு எழவில்லை; இறுப்பிட்டியில், அயல்வீட்டு ஆச்சியின் விறாந்தையில் எழுந்தது.

1991இன் இடப்பெயர்வுக்குப் பின் புங்குடுதீவின் வீடுகள் பலவற்றிற்கு உரியவர்கள் திரும்பவேயில்லை. ஆச்சியின் மக்கள் சுவிசிலும் கனடாவிலும். ஆச்சி மட்டும் இங்கே. 'வாணி ராணி' ஓடிய 2013 முதல் 2018 வரையான ஆண்டுகளில், இரவில் அவ்வீட்டில் ஒலித்த மனிதக் குரல் ராதிகாவினுடையதே.

ராதிகா 1978இல் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் அறிமுகமானவர். 1999இல் தொடங்கிய 'சித்தி', மாற்றாந்தாய் என்றாலே கொடியவள் என்ற பழங்கதையைப் புரட்டிப் போட்டது. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவருடைய தந்தை எம்.ஆர். ராதாவை நினையாதிருக்க முடிவதில்லை. 1954இல் திரைக்கு வந்த 'இரத்தக் கண்ணீர்' படத்தின் இறுதியில், தவறிழைத்த கணவனே தன் மனைவிக்கு மறுமணம் செய்துவைக்கிறான். இரண்டு மூன்று மணி நேரத்துள் வழக்கும் தீர்ப்பும் முடிந்துவிடுகின்றன.

தொடருக்கு அது இயலாது. அநீதிக்குள்ளான மருமகள் இன்றே எழுந்து வெளியேறிவிட்டால், நாளை காட்டுவதற்கு யாதுமில்லை. சவர்க்காரம் விற்பவருக்கும் இடமில்லை. ஆகவே அவள் பொறுக்கிறாள். கருணையிற் பிறந்த பொறுமையன்று அது. விளம்பர நேரத்திற் பிறந்தது. 'வாணி ராணி'யில் ராதிகா இரட்டைச் சகோதரிகளாகத் தோன்றினார்: ஒருத்தி வழக்கறிஞர், மற்றவள் இல்லத்தரசி. நீதிமன்றம் ஏறத் தெரிந்தவளுக்குங்கூட ஐந்தாண்டுகளாக வீட்டுப் பூசல் ஓய்ந்தபாடில்லை!

திரைக்கு வெளியே அவரோ பொறுத்திருந்தவர் அல்லர். முப்பதைக் கடந்த நாயகியைத் தாய் வேடத்துக்குத் தள்ளிவிடும் படவுலகில், 1994இல் 'ராடான்' நிறுவனத்தைத் தொடங்கித் தாமே முதலாளியானார். நடுவயதுப் பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தி, அதற்கு ஊதியமும் உண்டென்று காட்டினார். இத்துணிவை நாம் மதிக்கிறோம். வேடத்தின் குணத்துக்கு நடிகை பொறுப்பாளியல்லள். தயாரிப்பாளரோ பொறுப்பாளியே. ஒருவரே இருவருமானால், முன்னவரைப் போற்றும் வாயால் பின்னவரிடம் கணக்குக் கேட்பதில் முரண்பாடு யாதுமில்லை.

இவற்றையெல்லாம் ஒருநாள் ஆச்சியிடம் விளக்கமாகவே எடுத்துரைத்தோம். ஆசிரியத் தொழிலின் வழக்கம், என் செய்வது! ஆச்சி தொலைக்காட்சியின் ஒலியைச் சற்றே குறைத்துவிட்டு, முழுவதையும் கேட்டார்.

"நீ சொல்லுறது சரி தம்பி. அவள் எழும்பிப் போகத்தான் வேணும். ஆனால் அவள் போனால், பிறகு இந்த வீட்டில ஆர் கதைக்கிறது?"

விடை கூற நாம் வாய் திறக்குமுன் விளம்பரம் முடிந்துவிட்டது. ஆச்சி ஒலியைக் கூட்டினார். எமக்கும் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் வீட்டில் கிடந்தன, எழுந்து வந்துவிட்டோம்.